அவள் சாப்பிட்டு முடியட்டும்

உள்ளறையில் தலைமயிர் காயவைக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் மீறி, அஞ்சலீனா சிரிக்கிற சத்தம் குசினி வரைக்கும் கேட்டது.

"ஐயோ பிள்ளை, காது வேகுது! விடு, எனக்கு இந்த அலங்காரம் ஒண்டும் வேண்டாம்."

"அம்மா, ஆடாமல் இருங்கோ. ஜஸ்ட் டூ மினிட்ஸ்."

"ஆடத்தானே போறம்!"

தாயும் மகளும் மறுபடி சிரித்தார்கள். குசினியில் நின்ற நொயல் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலது காதில் போன் ஒட்டியிருந்தது. இடது கை சுவரைப் பிடித்திருந்தது.

"அத்தான், கேக்குதோ?" ஊரில், பேசாலையிலிருந்து மைத்துனன் அனோஜ் கேட்டான். "அம்மாவுக்குச் சரியான கடுமை. டொக்டர் வந்து பாத்திட்டு, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்க வேண்டாம் எண்டிட்டார். பாதர் வந்து எண்ணெய் பூசி, நோயில்பூசுதல் குடுத்திட்டு இப்பதான் போறார். ஆனா நினைவு நல்லா இருக்கு அத்தான். அக்காவைக் கேக்கிறா. அக்கா போன் எடுக்கிறா இல்லை."

குசினி மேசையில் அஞ்சலீனாவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது. சத்தம் நிறுத்தியிருந்தாள். திரையில் எடுக்காத அழைப்புகள் இரண்டு.

"அவள் வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறாள்," என்றார் நொயல்.

"ஒருக்காக் குடுங்கோவன்."

"தம்பி, காலமை பிளேனில தந்த பிஸ்கற்றோட நிக்கிறாள். இப்பச் சொன்னால் பச்சைத் தண்ணியும் வாயில படாது. ஐயா செத்த நேரம் என்ன நடந்தது எண்டு உனக்குத் தெரியும்தானே? போய் ஒரு வாய் சாப்பிடட்டும். சாப்பிட்டு முடிஞ்ச கையோட நானே எடுத்துத் தாறன்."

அனோஜ், "சரி அத்தான். கெதியா," என்றான்.

நொயலைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கச் செய்தி எவ்வளவு பெரிதானாலும், கேட்கிறவளின் வயிற்றில் ஒரு பிடி சோறு விழுந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அவருடைய ஊரில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். எட்டு வருடத்துக்கு முன், ஒரு விடியற்காலை, அஞ்சலீனாவின் தகப்பன் காலமான செய்தி வந்தபோது, வெறும் வயிற்றோடு நின்றவளிடம் அப்படியே சொல்லிவிட்டார். அவள் நாலு நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போன இடத்தில், துணி தோய்க்கும் மெஷினுக்கு முன்னால் விழுந்தாள். அம்புலன்ஸ் வந்தது. இரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்காரி, சாப்பாட்டைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் நொயலைப் பார்த்துச் சொன்னார். ஒரு குற்றவாளியைப் போல அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த நாள் இன்று அவருடைய கையைப் பிடித்தது. மேசையில் கிடந்த மனைவியின் போனை எடுத்தார். அணைத்தார். கோட்டின் உள்பொக்கற்றில் வைத்தார்.

"அப்பா, லுக்!"

மகள் கிறிஸ்ரினா தாயைத் தோளில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். வான நீலச் சேலை. கழுத்தில் சின்ன மாதா சுரூபம். நரைத்த முன்மயிரை ஒரு பக்கமாகச் சுருட்டி விட்டிருந்தாள் மகள். ஐம்பது வயது அஞ்சலீனா, கலியாண நாளில் வெட்கப்பட்டதுபோலவே தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்னப்பா, பேசாமல் நிக்கிறீங்கள்? பேய் மாதிரிக் கிடக்கோ?"

"வடிவாத்தான் இருக்கிறாய்," என்றார் நொயல். குரல் உடைந்தது. மகள் அதை அன்பு என்று நினைத்துக் கைதட்டினாள்.

"என்ர போன் எங்க? அம்மாவுக்கு ஒருக்கா இந்தச் சேலையைக் காட்டவேணும்."

"சார்ஜ் இல்லை. அங்க போனெல்லாம் நிப்பாட்டச் சொல்லுவினமாம். வந்து காட்டுவம்."

"அதுவும் சரிதான். அம்மாவும் இந்த நேரம் சாப்பிட்டிட்டுப் படுத்திருப்பா."

பதின்மூன்று வருடமாக நாலரை மணித்தியாலத்தைக் கழித்துக் கழித்தே தாயின் நாளைக் கணக்கிட்டுப் பழகியவள் அவள். சிட்னியில் ஐந்தேகால் என்றால் பேசாலையில் பகல் பன்னிரண்டே முக்கால். தாய் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். கணக்கு அன்றைக்கும் பிழைக்கவில்லை. படுத்தபடிதான் கிடந்தாள் அந்தத் தாய்.

கடல்வழியாக அகதியாய் வந்த குடும்பம் இது. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மெல்பேர்ணில் நோபல் பார்க்கில் இரண்டு அறை வீடு. நொயல் டண்டினோங்கில் ஒரு குளிர்களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அஞ்சலீனா முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிறாள். தற்காலிக விசா முடியும், நீளும், மறுபடி முடியும். நாட்டைவிட்டு ஒரு அடி வெளியே வைத்தால் திரும்பி உள்ளே வர வழியில்லை. தகப்பனின் அடக்கத்தை ஒரு சின்னத் திரையில் பார்த்து, அந்தத் திரையைத் தொட்டுக் கும்பிட்டவள் அவள்.

ஆகவே அவர்கள் போகக்கூடிய தூரதேசம் சிட்னிதான். கிறிஸ்ரினா ஸ்ட்ராத்ஃபீல்டில் இரண்டு தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு இருந்து, சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறாள். பெற்றோரின் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு, ராச்சாப்பாட்டோடு சேர்ந்த டாங்கோ நடனக் காட்சிக்கு இரண்டு ரிக்கற் எடுத்து வைத்திருந்தாள். மெல்பேர்ண் விமான நிலையத்தில் அஞ்சலீனா குடிவரவுத் திணைக்களம் தந்த அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். யாரும் கேட்கவில்லை. விமானத்தில் உட்கார்ந்த பிறகும், "உண்மையாவே கேக்க மாட்டினமோ?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

முதல்நாள் மாலை தாயோடு கதைத்தபோது இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னாள். கிழவி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்த நேரம்.

"டாங்கோவாம் அம்மா. ஆட்டம் பாத்துக்கொண்டே சாப்பிடுறதாம்."

"அதென்ன கூத்து மோளே? சாப்பிடேக்க எவன் ஆடுவான்?"

"எனக்கென்ன தெரியும்! பாத்திட்டு வந்து சொல்லுறன்."

"வந்து சொல்லு," என்றாள் தாய். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

துறைமுகக் கரையில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் காட்சி. சிவப்புத் திரை. வெள்ளை மேசை விரிப்பு. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன விளக்கு. அஞ்சலீனா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இதையும் என்னை மாதிரி ஒருத்திதான் எங்கயோ தோய்க்கிறாள். வடிவாத் தோய்ச்சிருக்கிறாள்."

நொயல் சிரிக்கப் பார்த்தார். அவருடைய சட்டைப் பொக்கற்றில், இதயத்துக்கு மேலே, சத்தமில்லாமல் அதிரும்படி வைத்த போன் இருந்தது. கோட்டுக்குள் மனைவியின் அணைந்த போன். கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றிப் பாதர் எத்தனையோ பிரசங்கம் வைத்திருக்கிறார். இரண்டு போன் இவ்வளவு பாரமாய் இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பரிமாறும் பெண் வந்தாள். மாட்டிறைச்சிதான் அன்றைய முக்கியச் சாப்பாடு என்றாள். அஞ்சலீனா நொயலின் கையைச் சுரண்டினாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு மச்சம் ஏலாது எண்டு சொல்லுங்கோ. நேர்த்தி."

நொயலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மடு மாதா திருநாளுக்கு ஒன்பது நாள் நவநாள். அந்த ஒன்பது நாளும் மீன், இறைச்சி, முட்டை எதுவும் தொடுவதில்லை என்று தாயின் சுகத்துக்காக நேர்ந்திருந்தாள். மகள் ரிக்கற் எடுக்கும்போது அவளிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டாள்.

"மீன் எண்டாலும்..." என்று தொடங்கினார்.

"விசரே உங்களுக்கு? அம்மாவுக்குப் பிடிச்ச நேர்த்தி!"

மரக்கறிச் சாப்பாடு புதிதாகச் செய்ய வேண்டும், கொஞ்சம் சுணங்கும், இரண்டாவது ஆட்டம் முடியத்தான் கொண்டுவர முடியும் என்று அந்தப் பெண் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாணும் வெண்ணெயும் வைத்தாள். பாணில் முட்டை கிட்டை பூசியிருப்பார்களோ என்று அஞ்சலீனா அதையும் தொடவில்லை.

விளக்குகள் அணைந்தன. துருத்திபோல் விரிந்து சுருங்கும் ஒரு பெட்டி வாத்தியத்தை ஒரு கிழவர் மடியில் வைத்து வாசித்தார். அழுகிற பிள்ளையைத் தடவி ஆற்றுவது போலிருந்தது அது.

"கோயில் ஆர்மோனியத்தின்ர தங்கச்சி," என்று காதுக்குள் சொன்னாள் அஞ்சலீனா.

ஆணும் பெண்ணுமாய் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். அவள் போக நினைத்தாள். அவன் மறித்தான். அவள் அவனுடைய முழங்காலில் தன் காலைக் கொளுவி இழுத்தாள்.

"அந்தப் பிள்ளையின்ர பாவாடை தொடை மட்டும் கிழிஞ்சு கிடக்கு, ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அது ஸ்ரைல்."

"நீங்கள் ஏன் அவ்வளவு உத்துப் பாக்கிறீங்கள்? ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேணும். நீங்கள் முதல் ஆள்."

அதற்குப் பிறகு நொயல் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மேசை விளக்கில் தெரிந்த மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று வருடத்தில் அவர் இவளுக்கு என்ன கொடுத்தார்? பயத்தைக் கொடுத்தார். விசாக் கடிதங்களைக் கொடுத்தார். இந்த ஒரு மாலையையாவது கொடுக்கலாம் என்றால், அதற்குள்ளும் ஒரு கத்தியை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே!

ஏழரை மணிக்கு நெஞ்சுக்கு மேல் போன் அதிர்ந்தது. "பாத்ரூமுக்குப் போட்டு வாறன்," என்று எழுந்தார்.

"அத்தான், அக்காவைக் குடுங்கோ." அனோஜ் அழுதான். "அம்மா கண் முழிச்சுக்கொண்டு கிடக்கிறா. போனைக் கையில தா எண்டு வாங்கி வச்சிருக்கிறா. அக்கா எடுப்பா, எடுப்பா எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறம்."

"சாப்பாடு இன்னும் வரேல்லைத் தம்பி. மரக்கறி செய்யினம். வெறும் வயிறு. ஒரு அரை மணித்தியாலம்..."

"அத்தான், அரை மணித்தியாலம் நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

கைகழுவும் தொட்டியின் கண்ணாடியில் கோட்டுப் போட்ட ஒரு மனிதன் வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

அவர் நேரே சமையலறைக் கதவடிக்குப் போனார். அந்தப் பெண்ணைக் கண்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மனைவிக்குச் சலரோகம், சாப்பாடு கெதியாக வேண்டும் என்று கெஞ்சினார். மாமியார் சாகக் கிடக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பெண் நேரே போய் அஞ்சலீனாவைக் கட்டிப்பிடித்து விடுவாளோ என்ற பயம். பழச்சாறு கொண்டுவரவா என்று கேட்டாள் அவள். சாறு ஒரு பிடி சோறாகுமா? நொயல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

இதோ, போய்ச் சொல்லிவிடுவோம் என்றுதான் வந்தார். சத்தியமாய் அப்படித்தான் வந்தார்.

மேசையில் அஞ்சலீனா இல்லை.

ஆட்டக்காரர்கள் பார்வையாளர்களில் சிலரை மேடைக்கு முன்னால் இழுத்துப் போயிருந்தார்கள். நடுவில் வான நீலச் சேலை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு உயரமான இளைஞனின் தோளில் பட்டும் படாமலும் கை வைத்து, எண்ணி எண்ணி அடி வைத்தாள் அவள். பிழைவிட்டாள். சிரித்தாள். மறுபடி வைத்தாள். அவன் அவளைச் சுற்றி விட்டான். சபை கைதட்டியது. சுற்றி வந்தவளின் கண் நொயலைத் தேடிப் பிடித்தது. 'பாருங்கோ என்னை!' என்றது.

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எந்தப் புருஷனால் சொல்ல முடியும்? ஆயிரத்தில் ஒருவனால் முடியலாம். நொயல் அந்த ஒருவன் இல்லை.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். "வியர்த்துப் போச்சு! அம்மா கேட்டால் சிரிச்சே சாவா," என்றாள்.

நொயல் தண்ணீரை அவள் பக்கம் தள்ளினார். விரிப்பில் கொஞ்சம் சிந்தியது.

எட்டரை மணிக்குத் தட்டு வந்தது. சோறும், சுட்ட பூசணியும், அவரையும். அவள் சிலுவை அடையாளம் போட்டாள். கண்ணை மூடி, மற்ற நாள்களைவிட நீளமாகச் செபித்தாள். யாருக்காக என்று கேட்க வேண்டியதில்லை.

"சாப்பிடு."

"என்ன அவசரம்? சூடு."

"ஊதிச் சாப்பிடு அஞ்சலி."

ஒரு வாய். இரண்டு வாய். நொயல் மனதுக்குள் எண்ணினார். அவருடைய தட்டில் இறைச்சி ஆறிக்கொண்டு கிடந்தது.

"நீங்கள் ஏன் சாப்பிடேல்லை?"

"பல்லுக்குத்து."

"காலமை இல்லாத பல்லுக்குத்தோ?"

பத்தாவது வாயில் போன் அதிர்ந்தது. இந்த முறை ஒரே ஒரு தடவை. அழைப்பு இல்லை, செய்தி. மேசைக்கடியில் எடுத்துப் பார்த்தார்.

"அம்மா போயிட்டா அத்தான்."

எட்டு நாற்பது. பேசாலையில் நாலு பத்து.

மேடையில் அந்தக் கிழவர் பெட்டியை முழுவதுமாக விரித்து, ஒரே சுரத்தில் பிடித்து நிறுத்தினார். அஞ்சலீனா கரண்டியை வைத்துவிட்டு, "நல்லாயிருக்கு. ஆனா உப்பில்லை," என்றாள். தட்டைத் துடைத்தாற்போலச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

ரயிலில் சொல்லவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்குள் வந்து, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பிறகுதான் சொன்னார். அவள் கத்தவில்லை. "ஐயோ" என்று ஒரு சொல். அப்படியே நிலத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில், "கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

நொயல் பொய் சொன்னார்.

"மத்தியானமே நினைவு தப்பிப் போச்சாம். ஒருத்தரையும் தெரியேல்லையாம். நித்திரை மாதிரிப் போயிருக்கிறா."

"என்னைத் தேடேல்லையோ?"

"நினைவே இல்லையாம் அஞ்சலி."

"நோகாமல் போனாவோ?"

"ஓம். நோகாமல்."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கடலில் விழுந்தவள் பலகையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள். அனோஜுக்கு வெளியே போய்ப் போன் எடுத்து, "இப்பிடித்தான் சொல்லியிருக்கிறன், நீயும் இப்பிடியே சொல்லு," என்று நொயல் கேட்டுக்கொண்டார். "சரி அத்தான்," என்றான் அனோஜ். ஆனால் அவன் ஒருவனுடைய வாயைத்தானே கட்டலாம்? ஊர் வாயை?

தாயின் அடக்கத்தையும் அவள் திரையில்தான் பார்த்தாள். நோபல் பார்க் வீட்டின் முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே போனை நிமிர்த்தி வைத்து, கறுப்புச் சட்டையோடு முழந்தாளில் இருந்து பார்த்தாள். இடையில் இணைப்பு அறுந்தது. திரும்பி வந்தபோது குழியை மூடிவிட்டிருந்தார்கள். அன்றைக்கும் அவள் சாப்பிட்டாள். நொயல் சோற்றுக் கோப்பையை நீட்டிய நேரமெல்லாம் ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். "நோகாமல் போனா. அது காணும்," என்று வந்தவர்களிடம் சொன்னாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் நொயல் எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

எட்டாம் நாள் பூசை முடிந்தது. அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மழைக்குள் மெற்றில்டா அன்ரி வந்தாள். எழுபது வயது. டண்டினோங்கில் மகனோடு இருக்கிறாள். சொந்த ஊர் பேசாலை. அவளுடைய தங்கை இன்னும் அங்கே, அஞ்சலீனாவின் தாய் வீட்டுக்கு அடுத்த வளவில்.

குடையை வாசலில் சாய்த்துவிட்டு, ஒரு சட்டி பருப்புக்கறியை மேசையில் வைத்தாள். அஞ்சலீனாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். கதிரையில் இருந்து மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கு நாரிப்பிடிப்பு பிள்ளை, எழும்பேலாமல் கிடந்தனான். அதுதான் முதலே வரேல்லை. தங்கச்சி எல்லாம் சொன்னவள். அவள்தானே கடைசி மட்டும் பக்கத்தில இருந்தவள்."

"நினைவில்லாமல் கிடந்தவவாம் அன்ரி. நோகாமல் போனாவாம்."

குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நொயலின் கை நின்றது.

"ஆர் சொன்னது நினைவில்லை எண்டு?" அன்ரிக்கு ஆச்சரியம். ஆறுதல் சொல்லுவதாகவே அவள் நினைத்தாள், பாவம். "நல்ல நினைவு பிள்ளை! நாலு மணி மட்டும் கதைச்சவவாம். போனைக் கையில பிடிச்சுக்கொண்டு கிடந்தவவாம். 'அக்கா கூத்துப் பாக்கிறா அம்மா, முடிய எடுப்பா, அத்தான் சொன்னவர்' எண்டு அனோஜ் சொல்லச் சொல்ல, 'கூத்து முடிஞ்சுதாமோ, முடிஞ்சுதாமோ' எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவவாம். தங்கச்சிக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்ன கூத்துப் பிள்ளை அது?"

மழை கூரையில் பெய்தது. நொயல் தட்டோடு குசினி வாசல்படியில் வந்து நின்றார். போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை.

அஞ்சலீனா அவரைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்தாள். நாலு மணி. அதோடு நாலரை. கழித்துப் பழகியவள் இன்று கூட்டினாள். எட்டரை, தட்டு வந்த நேரம்.

"ஆட்டம் அன்ரி," என்றாள் மெதுவாக. "சாப்பிட்டுக்கொண்டே பாக்கிற ஆட்டம். எனக்கு மரக்கறிச் சாப்பாடு வரச் சுணங்கிப் போச்சு. அம்மான்ர நேர்த்தி."

"ஓ," என்றாள் அன்ரி. ஏதோ உடைந்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. எது என்று தெரியவில்லை. தேநீரை வாங்கி இரண்டு மிடறு குடித்தாள். நொயலைப் பார்த்தாள். அஞ்சலீனாவைப் பார்த்தாள்.

"அன்ரி, போன் அவவின்ர எந்தக் கையில இருந்ததாம்?"

"அது... தெரியாது பிள்ளை. கேட்டுச் சொல்லட்டோ?"

"வேண்டாம்."

அன்ரி எழுந்தாள். செத்த வீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது. அவள் சொல்லவில்லை. அஞ்சலீனாவின் தலையைத் தடவினாள். நொயலைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்கினாள். குடையை எடுத்துக்கொண்டு, பேசாமல், மழைக்குள் இறங்கினாள். தெருவோரம் மகனின் கார் நின்றது. கதவு திறந்தது, மூடியது.

அஞ்சலீனா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, கார் திரும்பும் மட்டும் பார்த்தபடி நின்றாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால் நொயல் நின்றார். பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் அவர் இப்படி நின்றிருக்கிறார். அங்கெல்லாம் சொல்ல ஏதாவது இருந்தது.

"அஞ்சலி, நான் உனக்கு..."

"நீங்கள் மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

தன் ஊரின் எழுதாத சட்டம் தன் பக்கமே திரும்பியிருக்கிறது என்று அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியபோது, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"இல்லை," என்றார்.

"அண்டைக்கும் நீங்கள் சாப்பிடேல்லை. பல்லுக்குத்து எண்டனீங்கள்." குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. "சோறு கிடக்கு. அன்ரி தந்த பருப்பும் கிடக்கு. போய் முதல் சாப்பிடுங்கோ."

கார் மூலையில் திரும்பி மறைந்தது. அவள் கதவைச் சாத்தினாள்.